சர்க்கரை 112, கீட்டோன் இரண்டு பிளஸ்: யார் சொல்வது சரி?

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 41. ஏழு வருடமாக டைப் 2 சர்க்கரை. எடை 91 கிலோ இருந்தது, மூன்று மாதச் சர்க்கரை சராசரி (ஹெச்பிஏ1சி) 8.9. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும், காலையில் டபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. நண்பர் ஒருவர் சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குழுவைப் பார்த்து ஆறு வாரமாக பேலியோவில் இருக்கிறார். காலையில் பாதாம், மதியம் முட்டையோ கறியோ, இரவு பனீர். சோறு, இட்லி, பழம் எதையும் தொடவில்லை. எடை ஏழு கிலோ இறங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரை 180-லிருந்து 112-க்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். அதற்காக எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் கீட்டோன் ‘இரண்டு பிளஸ்’ என்று வந்திருக்கிறது.

குடும்ப டாக்டர், “கீட்டோன் விஷம், கிட்னி போய்விடும், உடனே நிறுத்து” என்று கோபப்பட்டிருக்கிறார். குழுவிலோ, “கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டை எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு கொழுப்பு கரைகிறது, இனி மாத்திரையே வேண்டாம்” என்று வாழ்த்தியிருக்கிறார்கள். மதிய நேரத்தில் இரண்டு முறை கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. அதைக் ‘கீட்டோ ஃப்ளூ’ என்றார்களாம். ஐந்து மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் மனைவியும் இதே சாப்பாட்டுக்கு மாற ஆசைப்படுகிறார். ஆன்லைனில் விற்கும் கீட்டோன் பவுடர் வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

ஆறு வாரம் நாக்கைக் கட்டி ஏழு கிலோ குறைத்தது சின்ன விஷயமில்லை, பாராட்டுகள். நீங்கள் கேட்டது கீட்டோனைப் பற்றி. எனக்குப் பதற்றம் தந்ததோ மாத்திரைப் பட்டியலின் நடுவில் இருந்த டபாகிளிஃப்ளோசின். அந்த மாத்திரையும் மாவுச்சத்தை அறவே ஒதுக்கிய சாப்பாடும் ஒன்றாகப் போகக் கூடாது. இதை வாசிக்கும் அன்றே உங்கள் டாக்டருக்கு போன் செய்து, “பேலியோவில் இருக்கிறேன், டபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறேன்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் புரிய வேண்டுமானால் கீட்டோன் எதற்காக உடம்பில் உண்டாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் உடம்பில் சர்க்கரையின் கையிருப்பு மிகக் குறைவு. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம், அவ்வளவுதான். தசையில் இருப்பதைத் தசையே செலவழித்துக்கொள்ளும், மற்ற உறுப்புகளுக்குத் தராது. ஆனால் மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தேவை. சாப்பிடாமல் கிடந்தால் ஒரு நாளிலேயே கல்லீரலின் இருப்பு ஏறக்குறைய காலியாகிவிடும். கொழுப்பு கிலோ கணக்கில் சேர்ந்திருந்தாலும், கொழுப்பு அமிலங்களை மூளை நேரடியாக எரிபொருளாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் கல்லீரல் அவற்றை உடைத்து, மூளைக்குள் போகக்கூடிய சிறு மூலக்கூறுகளாக்கி ரத்தத்தில் விடுகிறது. அவைதான் கீட்டோன்கள். அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் இரண்டும் எரிபொருள். மூன்றாவதான அசிட்டோன் பெரும்பாலும் மூச்சில் வெளியேறுகிறது. இந்தச் சாப்பாட்டில் இருப்பவர்களின் வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வருவது அதனால்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கீட்டோனைத் தயாரிக்கும் கல்லீரலால் அதைப் பயன்படுத்த முடியாது, அதற்கான நொதி அங்கே இல்லை. செய்வதெல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் தசைக்கும்தான்.

மூளை கீட்டோனில் ஓடும் என்பது வெறும் ஊகமில்லை. 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹில், ஆலிவர் ஓவன் குழுவினர், ஐந்தாறு வாரம் உண்ணாமல் மருத்துவக் கண்காணிப்பில் இருந்த மூன்று பருமனான நோயாளிகளின் மூளைக்குள் போகிற ரத்தத்தையும் வெளியே வருகிற ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மூளையின் எரிபொருளில் பாதிக்கு மேல், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கீட்டோனாக இருந்தது. அதற்கும் முன்பே, 1921-ல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோய்க்காகக் கீட்டோன் உண்டாக்கும் உணவுமுறையை முன்வைத்தார். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள சில குழந்தைகளுக்கு இன்றும் அதைக் கொடுக்கிறோம். பிறந்த குழந்தையின் மூளைகூட கீட்டோனை நன்றாகவே பயன்படுத்துகிறது. ஆகவே ‘விஷம்’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் உங்கள் டாக்டரின் கோபத்தை ஏற்பேன். அந்த இரண்டு கீட்டோன்களும் அமிலங்கள். இரவு சாப்பிட்டுக் காலையில் எழும்போது ரத்தத்தில் அவை லிட்டருக்கு 0.1 முதல் 0.3 மில்லிமோல் வரை இருக்கும். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டால் 0.5 முதல் 3 வரை ஏறும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்தால் 5, 6, 7 வரை போய் நின்றுவிடும். அங்கேயே நிறுத்தி வைப்பது இன்சுலின். கொஞ்சமே கொஞ்சம் இன்சுலின் இருந்தாலும் கொழுப்பு கட்டுமீறி உடைவதை அது தடுத்துவிடும். இன்சுலின் பற்றாமல் போனால் தடுக்க ஆள் இல்லை. கீட்டோன் 10, 15, 20 என்று ஏறி ரத்தமே அமிலமாகிவிடும். இதுதான் கீட்டோஅசிடோசிஸ். இன்சுலின் மருந்தாக வருவதற்கு முன்பு டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைகள் இதில்தான் இறந்துபோனார்கள். ஐசியூவில் இதைப் பார்த்துப் பழகிய எந்த டாக்டருக்கும் ‘கீட்டோன்’ என்றதும் மனது திக்கென்றுதான் இருக்கும்.

சரி, உங்களுக்கு டைப் 2, கணையத்தில் இன்சுலின் ஓரளவு சுரக்கிறது. பிறகு என்ன பயம் என்று கேட்கலாம்.

சிக்கல் மாத்திரையில்

டபாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தின் வழியாகச் சர்க்கரையை வெளியே தள்ளுகிறது. நல்ல மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யும் நன்மை நிரூபிக்கப்பட்டது. 2020-ல் காப்புரிமை முடிந்து நம் நாட்டில் விலை இறங்கியதும் பலருடைய சீட்டில் ஏறிவிட்டது. ஆனால் ரத்தச் சர்க்கரை குறையும்போது இன்சுலின் சுரப்பும் குறைகிறது, அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து கல்லீரலைக் கீட்டோன் தயாரிக்கத் தூண்டுகின்றன. அதோடு நீங்கள் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் விட்டால் தூண்டுதல் இரட்டிப்பாகிறது. இந்த வகை மாத்திரைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே கீட்டோஅசிடோசிஸ் எச்சரிக்கை கொடுத்தது.

இதில் மோசமான பகுதி என்னவென்றால், சர்க்கரை ஏறாமலேயே இது வரும். வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் சர்க்கரை 300, 400 என்று காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அது 140, 160 என்று சாதுவாக இருக்கும். நோயாளி ‘சுகர் நார்மல்தானே’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அவசர சிகிச்சைப் பிரிவில்கூட, விவரம் சொல்லாவிட்டால் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்புண்டு. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, காரணமில்லாத கடும் அசதி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும், சர்க்கரை எவ்வளவாக இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லி, ரத்தக் கீட்டோனும் ரத்தத்தின் அமிலத்தன்மையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது: ஒன்று மாத்திரை, ஒன்று உணவுமுறை. சர்க்கரைக்காக மட்டும் அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால், டாக்டர் அதை நிறுத்திவிட்டு உங்கள் உணவுமுறையைத் தொடர அனுமதிக்கலாம். இதய பலவீனத்துக்காகவோ சிறுநீரில் புரதம் போவதற்காகவோ கொடுத்திருந்தால் மாத்திரைதான் இருக்க வேண்டும், பேலியோதான் விலக வேண்டும். டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் வேளைக்கு இரண்டு இட்லியோ ஒரு சிறு கிண்ணம் சோறோ சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், வாந்தி, பேதி என்று சாப்பிட முடியாமல் போனால் அன்றைக்கு டபாகிளிஃப்ளோசினை எடுக்காதீர்கள். இந்த மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் சொல்லப்படுகிற பொது விதி அது.

அந்த நடுக்கம் கீட்டோ ஃப்ளூ இல்லை

முதல் வாரத்தில் தலைவலி, சோர்வு, எரிச்சல் வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கிளைக்கோஜனோடு, அதாவது கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையோடு, சேர்ந்திருந்த தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால் வருவது அது. உப்புப் போட்ட மோரிலோ சூப்பிலோ சரியாகிவிடும். ஆறாவது வாரம், மதிய நேரம், கை நடுக்கம், வியர்வை என்று எழுதியிருக்கிறீர்கள். இது தாழ்சர்க்கரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைக் கசக்கி இன்சுலினை வரவழைக்கும். முன்பு சோற்றுக்குப் பொருத்தமாக இருந்த அளவு, சோறே இல்லாத தட்டுக்கு அதிகம். வண்டி ஓட்டும்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அடுத்த முறை நடுங்கினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ‘பேலியோவில் இருக்கிறேன், சர்க்கரை கூடாது’ என்று அந்த நேரத்தில் கொள்கை பேச வேண்டாம். கிளிமிபிரைடைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதையும் அதே போனில் டாக்டரிடம் கேளுங்கள். மெட்பார்மின் மட்டும் தனியாகச் சர்க்கரையை இப்படி இறக்காது, அதைப் பெரும்பாலும் தொடரலாம். எடை குறைந்தால் பிரஷரும் குறையும் என்பதால் டெல்மிசார்டன் அளவையும் பார்க்க வேண்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா?

‘எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடு’ என்ற குழுவின் யோசனையில் ஒரு பாதி உண்மை இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்: சில மாத்திரைகளைக் குறைத்தே ஆக வேண்டும். எதை, எந்த வரிசையில், எவ்வளவு என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது. குழு அட்மின் உங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்ததே இல்லை.

பட்டையின் நிறம்

சிறுநீர்ப் பட்டை அசிட்டோஅசிட்டேட்டை மட்டும்தான் காட்டும். ரத்தத்தில் அதிகமாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் அதில் தெரியவே தெரியாது. கீட்டோஅசிடோசிஸில் அந்த இரண்டாவதுதான் வெகுவாக ஏறும். அப்போது பட்டை நிலைமையைக் குறைத்துக் காட்டக்கூடும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் நிறம் கருக்கும், நிறையக் குடித்தால் வெளுக்கும். பட்டை கருத்தால் கொழுப்பு அதிகம் கரைகிறது என்பது, மொட்டைமாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயைப் பார்த்து வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று சொல்வது போலத்தான். கரைவது நீங்கள் இடுப்பில் சேர்த்த கொழுப்பா, காலையில் சாப்பிட்ட பாதாமின் கொழுப்பா என்றும் அதற்குத் தெரியாது. உங்களுக்குக் கீட்டோன் அளவு தேவைப்பட்டால் விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் மீட்டர்தான் உதவும். உடம்பு சரியில்லாத நாளில் 1.5-ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், 3-ஐத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

கிட்னி பற்றி: கீட்டோன் ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் அதிகப் புரதமும் தண்ணீர்க் குறைவும் கெடுக்கும். சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. ஏழு வருடச் சர்க்கரைக்காரர் நீங்கள், கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பாருங்கள். கூடவே கொலஸ்டிராலும். இந்தச் சாப்பாட்டில் சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்டிரால் வெகுவாக ஏறிவிடுகிறது. ஏறினால் வெண்ணெய், நெய், கொழுப்புக் கறியைக் குறைத்து மீன், நிலக்கடலை, நல்லெண்ணெய் பக்கம் போக வேண்டியிருக்கும்.

கீட்டோன் இல்லாமலும் சர்க்கரை இறங்கும்

குழுவில் யாரும் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் டைரெக்ட் என்றொரு ஆய்வு நடந்தது, முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும், சூப்பும் ஷேக்குமாகக் கொடுத்தார்கள். அதில் மாவுச்சத்தும் இருந்தது. அது கீட்டோ உணவு இல்லை. ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். சர்க்கரையைத் திருப்பியது எடைக் குறைவு. உங்கள் 112-க்கும் பெரும்பங்கு அந்த ஏழு கிலோவும், தட்டிலிருந்து போன சோறும், நீங்கள் இன்னும் சாப்பிடும் மாத்திரைகளும்தான் காரணம். ரத்தத்தில் ஓடும் கீட்டோன் அதன் அடையாளமாக இருக்கலாம், காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. மாவுச்சத்தை மிகக் குறைத்தவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் கிடைக்கும் கூடுதல் பலன், ஒரு வருடத்தில் மற்ற உணவுமுறைகளின் பலனோடு கிட்டத்தட்ட சமமாகிவிடுகிறது. காரணம் பெரிய மர்மமில்லை, ஆட்கள் தொடர்வதில்லை. கல்யாண வீடு, பொங்கல், மாமியார் வீட்டு விருந்து எல்லாம் வருடம் முழுக்க வரும். ஆகவே நடுவில் ஒரு வழியையும் யோசியுங்கள்: நாளொன்றுக்கு 100 முதல் 130 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் இருக்கும். மதியம் ஒரு கிண்ணம் சோறு, இரவு இரண்டு இட்லி, மற்றபடி காய்கறி, முட்டை, மீன், சுண்டல் என்று வைத்தால் இந்தக் கணக்குக்குள் நிற்கும். பெரிதாகக் கீட்டோன் வராது, பட்டை வாங்கும் செலவும் மிச்சம். என்னைக் கேட்டால் உங்களுக்கு இதைத்தான் சொல்வேன். இல்லை, பேலியோதான் ஒத்துவருகிறது என்றால், டபாகிளிஃப்ளோசின் நின்று, கிளிமிபிரைடு சரிசெய்யப்பட்டு, ஆபரேஷனும் முடிந்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையோடு தொடருங்கள். மாத்திரை எல்லாம் நின்று, அதற்கப்புறம் மூன்று மாதம் கழித்தும் சராசரி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் நோய் அடங்கியதாகக் கணக்கு. அதுவும் ‘அடங்கியது’தான், எடை ஏறினால் திரும்பி வரும்.

மனைவிக்கு வேண்டாம்

இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பால் சுரப்பதற்குத் தினமும் கணிசமான குளுக்கோஸ் செலவாகிறது. சர்க்கரை நோயே இல்லாத தாய்மார்கள், பால் கொடுக்கும் காலத்தில் மாவுச்சத்தை மிகக் குறைத்து, கீட்டோஅசிடோசிஸுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கர்ப்ப காலத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. குழந்தை இட்லி, பருப்புச் சாதம் என்று சாப்பிடப் பழகிப் பால் குறையும் வரை பொறுக்கட்டும். இப்போதைக்கு இனிப்பு, பேக்கரிப் பண்டம், பிஸ்கட்டை மட்டும் விட்டு, மாலையில் நடந்தாலே போதும். வயிறு மெதுவாகத்தான் உள்ளே போகும், அதில் அவசரமில்லை என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

கீட்டோன் பவுடரை வாங்க வேண்டாம். அது ரத்தத்தில் கீட்டோனைச் சில மணி நேரம் ஏற்றிக் காட்டும். ஆனால் அந்தக் கீட்டோன் டப்பாவிலிருந்து வந்தது, உங்கள் இடுப்பிலிருந்து இல்லை. வெளியிலிருந்து வரும் கீட்டோன், உடம்புக் கொழுப்பு உடைவதைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும். பல பவுடர்களில் சோடியமும் ஏராளம். பிரஷர் உள்ள உங்களுக்கு அது தேவையில்லாத சுமை.

கடைசியாக ஆபரேஷன். டபாகிளிஃப்ளோசின் ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நின்றிருக்க வேண்டும். முந்தைய நாள் இரவு மட்டும் விட்டால் போதாது. ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருப்பதும், உடம்பு படும் அதிர்ச்சியும் கீட்டோனை மேலும் ஏற்றும். ஆகவே சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் தனித்தனியாக இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள்: இந்த மாத்திரை சாப்பிட்டு வந்தீர்கள், ஆறு வாரமாக மாவுச்சத்து இல்லாத சாப்பாட்டில் இருந்தீர்கள். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாதாரண அளவுக்குச் சோறு, இட்லி சாப்பிடத் தொடங்கிவிடுங்கள். அந்த வாரம் சர்க்கரை கொஞ்சம் ஏறினால் டாக்டர் வேறு வழியில் பார்த்துக்கொள்வார். டாக்டர் அந்த மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னால், ஆபரேஷன் முடிந்து வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்த பிறகே தொடங்குங்கள். இந்தப் பதிலைக் கொண்டுபோய் உங்கள் குடும்ப டாக்டரிடமே காட்டலாம். அவர் கோபப்பட்டது உங்கள் நன்மைக்குத்தான், குழு மாத்திரையை நிறுத்தச் சொன்னதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.